திரிபுரசுந்தரி வாங்கிய பிரிண்டர்

ஒரு பிரிண்டர் வாங்க ஒரு மனுஷன் நாலு மாதம் யோசிப்பானா? சத்யநாராயணன் யோசித்தார். ஒன்றுக்கும் உதவாத ஃபைல்களைப் புரட்டிப் புரட்டியே ரிட்டையர் ஆனவர், வீட்டிலும் அதையே செய்கிறாரே என்று அவர் மனைவி திரிபுரசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்க்ஜெட்டா, லேசரா? லேசர் என்றால் கறுப்பு வெள்ளையா, கலரா? பதினேழு மாடலுக்கு ஒரு எக்ஸெல் பட்டியல், தினமும் இரண்டு மணி நேரம் யூடியூப். பிரிண்டர் மட்டும் வந்தபாடில்லை.

அவளுக்கோ அவசரம். சேலையூரில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் என்றால் திரிபுரசுந்தரி மிஸ்தான் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் விரலை மடக்கும் உமேஷ், வாராந்திர டெஸ்டில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினான். சந்தேகப்பட்டு விசாரித்தாள். அவள் பிரிண்ட் எடுக்கும் கேள்வித்தாள் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடக்க, பிள்ளைகள் வாராவாரம் முதல் நாளே போய் ஆளுக்கொரு காப்பி வாங்கியிருந்தார்கள்.

"கேட்டாங்கோ, குட்த்தேன். உங்க பசங்கதான மேடம்?" என்றான் கடைக்கார சிட்டிபாபு, வெட்கமே இல்லாமல்.

பப்ளிக் பரீட்சைக்கு ஒரு மாதம்தான் பாக்கி. "ஞாயித்துக்கிழமை டெஸ்ட். அதுக்குள்ள பிரிண்டர் வந்தாகணும்" என்றாள் கணவரிடம்.

"அவசரப்படாதே சுந்தரி. டிரம் தனியா, டோனர் தனியா வர மாடலை நான் இன்னும் பார்க்கலை."

"நீங்க பார்த்துண்டே இருங்கோ."

தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனாள். விற்பனையாளன் ஸ்டெபின் கலர் பிரிண்டரைத் தலையில் கட்டப் பார்த்தான்.

"நான் என்ன கல்யாண ஆல்பமா போடப் போறேன்? கறுப்பு வெள்ளை போதும். பெட்டியோட வர டோனர்ல எத்தனை பக்கம் வரும்? அடுத்த டோனர் என்ன விலை?"

இந்த இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் வந்த மாடலை இருபதே நிமிஷத்தில் ஆட்டோவில் ஏற்றினாள்.

"ரெவ்யூ கூடப் பார்க்காம வாங்கிட்டியே!" என்று புலம்பினார் சத்யநாராயணன். இந்த ஆளுக்குப் பதில் வேறு சொல்ல வேண்டுமா என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

பிரிண்டர் அருமையாக அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, கேள்வித்தாள் வெளியே போகாத முதல் டெஸ்ட் நடந்தது. சாயங்காலம் திருத்த உட்கார்ந்தாள். ஒன்பது. பதினொன்று. ஏழு. உமேஷ் நாலு, அவன் கிடக்கட்டும். வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று அவள் கொண்டாடும் சின்மயி பதினாலு.

திருட்டுக் கழுதைகள் என்று திட்ட வாயெடுத்தவள், தாள்களை மறுபடி புரட்டினாள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறியிருந்தார்கள். அவள் நடத்தியது ஒருத்தருக்கும் புரியவில்லை. வாராவாரம் எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல் வருகிறதே என்ற மமதையில் எதையும் அவள் திரும்ப நடத்தவும் இல்லை. அவமானமாக இருந்தது.

ஞாயிறு ஏழு மணிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் போடுவது வழக்கம். "மார்க் வந்துச்சா மிஸ்?" என்று உமேஷின் அம்மா ஷீலா அப்போதே கேட்டிருந்தாள். திரிபுரசுந்தரி 'நாலு' என்று அடித்தாள், அழித்தாள். பிறகு எழுதினாள்: 'புது பிரிண்டரில் கோளாறு. கேள்வித்தாளில் எண்கள் சரியாக விழவில்லை. இந்த டெஸ்ட் கணக்கில் சேராது.'

குரூப்பை ஆரம்பித்துக் கொடுத்த சத்யநாராயணனும் அதில் இருந்தார். போனும் கையுமாக, முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"நான் சொன்னேனோல்லியோ? யோசிக்காம வாங்கினா இப்படித்தான்!"

பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

"ஆமா, நீங்க சொன்னதுதான் சரி" என்றாள். கல்யாணமான முப்பது வருஷத்தில் அவர் அதை அவள் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.