பாதி விலை மாத்திரை

சொக்கம்மாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் இருந்தது நான்கு நாள், ஏழு மணி நேரம். பக்கவாதம். செலவு முழுவதையும் எங்கள் பால் சங்கத்தின் வைத்திய நிதி கட்டியது. ஆண்டுக் கூட்டத்தில் அவரை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போட வேண்டும் என்றார் தலைவர் வேதகிரி.

நிதிக்கு விதி எழுதியவள் நான். பி.எஸ்சி. படித்தவள் என்று என்னிடம் கொடுத்திருந்தார்கள். முதல் வருஷம் எல்லாமே இலவசம். அசதி என்று வந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு போனவர்களாலேயே பணம் கரைந்தது. இரண்டாம் வருஷம் மாற்றினேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முழுவதும் சங்கம். சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கு உறுப்பினர் பாதி, சங்கம் பாதி. குளுக்கோசுக்கும் பாதி, தினமும் போட வேண்டிய பிரஷர் மாத்திரைக்கும் பாதி. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மருந்துக்கடை பாஷா மாமாதான் சொன்னார்.

"சொக்கம்மாவா? பிரஷர் மாத்திரைக்கு ஆடிக்கு முன்னாடி வந்ததும்மா. அப்புறம் படுக்கற வரைக்கும் கடப்பக்கமே காணோம்."

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வலது கை மடியில் கிடந்தது. மாத்திரை பற்றிக் கேட்டேன்.

"போட்டுக்கினுதான் இருந்தேன்" என்றார், மகன் தினகரனைப் பார்த்தபடி.

நான் மேலே கேட்கவில்லை. அவரே போட்டதாகச் சொல்லிவிட்டார் என்று திரும்பி வரும்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இரவு அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் சால்வை போட்டு முடித்து வேதகிரி கேட்டார், "நம்ம சங்கம் இல்லன்னா இந்தம்மா கதி இன்னா?"

"மாட்ட வித்திருக்கணும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தினகரன வித்தா?" என்றார் வேதகிரி.

"அவன எவன் வாங்குவான்? தீனி கட்டாது!" என்றது அதே குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். தினகரனும் சிரித்தான்.

"சரி, வர்ற வருஷமும் இதே விதிதான். சம்மதம்னா கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. தினமும் பிரஷர் மாத்திரை போடும் செங்கேணியின் கையும் எழுந்தது. நான் எழுந்து நின்றேன்.

"இன்னா சாய்ரா? நீ எழுதுன விதிதானே?"

"ஒரு நிமிஷம் தலைவரே." சொக்கம்மாளிடம் திரும்பினேன். "பெரிம்மா, மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க? எம்மேல தப்புன்னாலும் பரவால்ல, சொல்லுங்க."

தினகரன் துள்ளி எழுந்தான். "எங்கம்மா எங்க நிறுத்திச்சி? மேடைல ஒக்கார வெச்சி அசிங்கப்படுத்தறியா?"

"நீ கம்முனு ஒக்காரு நைனா." சொக்கம்மாளுக்கு வாய் ஒருபக்கம் இழுத்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "போடல. மாத்திரைன்னா நாம பாதி குடுக்கணும். படுத்துட்டா முழுசும் சங்கம் குடுக்கும்னு விதி மாத்துனப்ப இந்த சாய்ரா பொண்ணு வூட்டாண்ட வந்து சொல்லிச்சி. அதான், படுத்தா பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."