இடது பின்சக்கரம்

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற சாலையில் இருந்தது கர்ணனின் பட்டறை. என்ஜின் வேலையை அவன் தொடமாட்டான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இவைதான் அவன் பிழைப்பு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் மலைரோட்டில் நொறுங்கி அவன் வாசலில்தான் வந்து நிற்கும். இருபது வருசத்தில் அவன் கைபட்ட வண்டி ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காதவன் மாதிரி இருப்பானே தவிர, உள்ளுக்குள் அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சூரியபிரகாஷ் கொச்சியிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தபோது நேராக இவனிடம்தான் வந்தான். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, சாம்பல் நிறம். வண்டியைத் தரையோடு இறக்க வேண்டும், வளைவில் உடம்பு சாயக்கூடாது என்றான். அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து நாலு புது ஸ்பிரிங்கும் நாலு ஷாக் அப்சார்பரும் வரவழைத்திருந்தான். திராட்சைத் தோட்டக்காரர் முத்துவீரனின் ஒரே மகன். பட்டறை நிற்கிற இடமும் அவருடையதுதான்.

முன்பக்கம் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பின்பக்கத்துக்கு வந்தபோதுதான் பெட்டிக்குள் இருந்த கோளாறு தெரிந்தது. ஒரு ஷாக் அப்சார்பரை எடுத்துக் கர்ணன் அழுத்திப் பார்த்தான். தண்டு எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. விரலெல்லாம் எண்ணெய்.

“தம்பி, இது செத்துப்போய் வந்திருக்கு. கோயம்புத்தூர்ல கேட்டேன், மாத்தி அனுப்ப மூணு நாளாகும்ங்கிறாக. வண்டி இங்கனயே நிக்கட்டும்.”

“மூணு நாளா? நாளைக்குக் காலைல நதியாவ காலேஜுல கொண்டுபோய் விடணும்ணே.” நதியா அவன் தங்கை. கோட்டயத்தில் நர்சிங் படித்தாள். “இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிட்டேன். பின்னாடி பழைய ஷாக்கையே மாட்டிட்டு, புது ஸ்பிரிங்க மட்டும் போட்டு விடுங்க.”

“சேராதுப்பா. ஸ்பிரிங்கு குட்டை, ஷாக்கு நெட்டை. சக்கரம் எங்கனயாவது பள்ளத்துல தொங்குச்சுன்னா ஸ்பிரிங்கு ஒக்காந்த எடத்த விட்டுக் கழண்டுரும். வேணும்னா பின்னாடி ஸ்பிரிங்கு, ஷாக்கு ரெண்டையும் பழசாவே மாட்டித் தாரேன்.”

“முன்னாடி குனிஞ்சுக்கிட்டு, பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கவா? பாக்கறவன் சிரிப்பான்ணே.”

கர்ணன் பிடி கொடுக்கவில்லை. சூரியபிரகாஷ் வெளியே போய் யாருக்கோ போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் கர்ணனின் போன் அடித்தது. முத்துவீரன்.

“ஏப்பா கர்ணா, என்னமோ முடியாதுங்கிறயாம்? பய கேக்கறத செஞ்சு குடுத்து விடுப்பா. புள்ளைக்கு நாளைக்குக் காலேஜு தொறக்குது.”

“ஐயா, அது வந்து...”

“ஒனக்குத் தெரியாத வேலையா? பாத்துச் செய்யி.”

“சரிங்கய்யா,” என்று போனை வைத்தான் கர்ணன். அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவரிடம் எப்படி மறுப்பது என்பது ஒரு பக்கம். உனக்குத் தெரியாத வேலையா என்று அவர் கேட்டது இன்னொரு பக்கம். பின்னால் யோசித்தபோது, தன்னை அதிகம் இழுத்தது இரண்டாவதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

மாட்டி முடித்து, ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தான். ஸ்பிரிங் அவன் கையில் லொடலொடவென்று சுற்றியது. கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி, இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் மேல்தட்டோடும் கீழ்த்தட்டோடும் இழுத்துக் கட்டினான். அவசரத்துக்கு ஜீப்பில் அப்படிக் கட்டி, மலையிலிருந்து ஊர்வரை வந்த ஆட்கள் உண்டு.

“மெதுவாப் போ. தார் விளிம்ப விட்டு சக்கரத்த எறக்கிறாத. திரும்பி வந்த அன்னைக்கே வண்டிய இங்கன கொண்டாந்து விட்டுரணும்.”

“சரிண்ணே.”

கோட்டயத்துக்குக் குமுளி மலை ஏறாமல் போக முடியாது. அது கர்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் சாவியைக் கொடுத்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தபோது, வேறொரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் வீரபாண்டி இறங்காமலே கத்தினான்.

“கர்ணா, குமுளி மலையில லோயர் கேம்ப்புக்கு மேல முத்துவீரன் மகன் காரு பாறையில போய் மோதிருச்சுப்பா. கூட இருந்த தங்கச்சிப் புள்ள போயிருச்சு.”

எதிரே ஒரு ஜீப் வளைவை அடைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. சூரியபிரகாஷ் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறான். இடது பின்சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கி ஏறியதும் வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டுபோய், இடது கதவோடு பாறையில் அடித்திருக்கிறது. நதியா உட்கார்ந்திருந்தது இடப்பக்கம். சூரியபிரகாஷுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் கர்ணன் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்த வண்டியைப் போய்ப் பார்த்தான். யாரும் தடுக்கவில்லை. குனிந்து இடது பின்சக்கரத்துக்குள் கைவிட்டான். ஸ்பிரிங் இல்லை. மேல்தட்டில் அறுந்த கம்பியின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விரலில் குத்தியது. வலது பக்கத்துக் கட்டு அப்படியே இருந்தது.

“அதிவேகம்னு எழுதியாச்சு,” என்றார் ஏட்டு. “இந்த மாதிரி வண்டியக் கையில குடுத்தா வேற என்ன செய்வானுக?”

கர்ணன் தலையாட்டிவிட்டு வந்தான். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு ஒரு மாதமும் அவன் கம்பியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகனைப் பார்க்க முத்துவீரன் மதுரைக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெண்ணைக் கொன்றவன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றாராம். தாய் மலையம்மாள் மட்டும்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்ணன் போனான். சூரியபிரகாஷ் பாதியாக இளைத்திருந்தான். மலையம்மாள் மருந்து வாங்கப் போகும்வரை கர்ணன் காத்திருந்தான்.

“என்ன வேகத்துல தம்பி போன?” என்றான் கர்ணன்.

“நாப்பதுதாண்ணே.”

“நாப்பதா?”

“நீங்க சொன்னீகள்ல, மெதுவாப் போன்னு. நதியா கிண்டல் பண்ணிக்கிட்டே வந்துச்சு. ஜீப்பெல்லாம் நம்மள முந்துதுடா, இதுக்கா இந்த வண்டின்னு. நாப்பதுன்னு சொன்னா யாரும் நம்பலண்ணே. அப்பாவும் நம்பல.”

“ஸ்பிரிங்கப் பத்தி யார்கிட்டயும் சொன்னயா?”

“இல்ல. கேட்டு வாங்குனது நாந்தானே. நீங்க எதுவும் பேசிறாதீக.”

பஸ்சில் திரும்பும்போது கர்ணனால் உட்கார முடியவில்லை. சீட்டு காலியாக இருந்தும் தேனிவரை நின்றுகொண்டே வந்தான். வேகமாகப் போய்த்தான் மோதியிருப்பான் என்ற நினைப்பில்தான் அவன் அந்த ஒரு மாதத்தை ஓட்டியிருந்தான். அதுவும் இப்போது போய்விட்டது.

மறுநாள் தோட்டத்துக்குப் போனான். பறிக்க ஆள் விடாததால் பந்தலில் திராட்சை கொத்துக் கொத்தாக அழுகி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. முத்துவீரன் மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றிருந்தார். கர்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். செத்துவந்த ஷாக், குட்டை ஸ்பிரிங், கட்டுக்கம்பி, நாற்பது. அவர் போன் செய்ததை மட்டும் சொல்லவில்லை.

அவர் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அழுகிய கொத்து ஒன்றைப் பிய்த்துக் கீழே போட்டார்.

“அன்னைக்கு நீ முடியாதுன்னே நின்னிருந்தா, என்ன ஆயிருக்கும்?”

“தம்பி கோவிச்சுக்கிட்டு வண்டிய பட்டறையிலயே விட்டுட்டுப் போயிருப்பாப்ல.”

“அப்புறம்?”

“பாப்பா எப்பவும் போல பஸ்சுல போயிருக்கும்யா.”

முத்துவீரனின் வாய் கோணியது. பந்தல் கல்தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். கர்ணன் ஓரடி முன்னால் வந்தான்.

“கிட்ட வராத,” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “முடியாதுங்கத்தானே நீ வாயெடுத்த. நாந்தானே அத அடைச்சேன்.”

கர்ணன் தோட்டத்திலிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

ஸ்டேஷனில் அவன் சொன்னதை எழுதிக்கொள்ளவே சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். முடிந்த கேஸில் நீயாக வந்து ஏன் தலையை நுழைக்கிறாய் என்றார். கர்ணன் அவரைக் கூட்டிப்போய் வலது பக்கத்துக் கட்டைக் காட்டினான். அது தன் முறுக்கு என்றான். வண்டியை மறுபடி சோதித்தார்கள். கேஸில் சூரியபிரகாஷுக்கு அடுத்து, இரண்டாவது ஆளாக அவன் பெயரும் சேர்ந்தது.

பட்டறையைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. ஆனால் ஜீப்புகள் வருவது நின்றது. நதியா மாதிரி ஒரு பிள்ளை அவரவர் வீட்டிலும் இருந்தாள். டிரைவர்களைக் குறை சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. ஒருநாள் ஸ்பானர்களைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான். ரோடு போடுகிற இடத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்தான்.

உத்தமபாளையம் கோர்ட்டில் முதல் வாய்தா அன்று சூரியபிரகாஷ் ஊன்றுகோலோடு வந்தான். வலது கால் இழுத்தது. அவன் முழங்கையைத் தாங்கி முத்துவீரன் கூடவே நடந்து வந்தார். படியில் அவன் தடுமாறியபோது, “பாத்துடா, பாத்து,” என்றார். கர்ணனைத் தாண்டிப் போனபோது சூரியபிரகாஷ் நின்றான். அவர் நிற்கவில்லை. மகனை மெல்ல இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு பெயரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். கர்ணன் எழுந்து, அந்தப் பையனுக்கு இடம் விட்டு, பக்கத்தில் போய் நின்றான்.