ஐந்தரை மணி வெந்நீர்

அவர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். மாலையில் அதே கடையில் வியாபாரத்தையும் பார்த்துவிட்டு வீடு திரும்ப எட்டாகிவிடும். அவர் மனைவி மருத்துவமனையில் இரவு நர்ஸ். ஏழுக்கே கிளம்பிவிடுவாள். காலை ஆறரைக்கு அவள் திரும்பும்போது அவர் போய் முக்கால் மணி நேரமாகியிருக்கும். கல்யாணமாகி நாலு வருடமாக, சனி இரவு அவளுக்கு ஓய்வு, ஞாயிறு அவருக்கு விடுமுறை. அவ்வளவுதான் அவர்களுடைய குடித்தனம்.

அந்தத் தெருவில் மாலை ஏழானால் விளக்குகள் மங்கும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு முறை புகைந்தது. எந்தச் சாமான் எப்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பதினாலு வீடுகளில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் என்று ஒவ்வொன்றின் பிளக்கிலும் ஒரு சின்ன டப்பாவை மாட்டிவிட்டுப் போனாள். தெருவில் அவளுக்கு டப்பாக்காரம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பகலில் டப்பாக்களைக் கழற்ற வந்தவள், லேப்டாப்பைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

“மத்த வீட்டுல எல்லாம் ஒரே கதைதான்க்கா. வேலைவிட்டு வந்ததும் வாஷிங் மெஷின், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒண்ணா ஓடும். அதான் ஏழு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் திணறுது. உங்க வீட்டுல அப்ப ஃபிரிட்ஜ் மட்டுந்தான் முனகிட்டிருக்கு. ஆனா காலைல அஞ்சரைக்கு ஹீட்டர் ஓடுதே, அப்ப யாரு குளிக்கறீங்க?”

“நான் ஆறரைக்குத்தானே வருவேன்! ஒரு வருஷமா மத்தியானம் துணி ஊறப்போட ஒரு தடவை போடுவேன். அந்தச் சூடு மறுநாள் காலைல நான் வந்து குளிக்கற வரைக்கும் நிக்கும். அவ்வளவு நல்ல ஹீட்டரு.”

அவள் வாய்வார்த்தையை நம்பி வார்டில் இரண்டு நர்ஸ்கள் அதே ஹீட்டரை வாங்கியிருந்தார்கள். தங்கள் வீட்டில் சூடு நிற்கவில்லை என்று ஒருத்தி புலம்பியபோது, “உனக்கு வைக்கத் தெரியல” என்று சொல்லி அனுப்பியவள் அவள்.

“எந்த ஹீட்டரும் அப்படி நிக்காதுக்கா. ரெண்டு ஞாயித்துக்கிழமை தவிர தினமும் அஞ்சரைக்கு ஓடியிருக்கு.”

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான விஷயத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்க பச்சத் தண்ணிலதானே குளிப்பீங்க?”

“ஆமா. நாள் பூரா அடுப்புல வேகறவனுக்கு வெந்நீர் எதுக்கு?”

“அப்ப யாருக்குப் போடறீங்க?”

அவர் பிடரியைச் சொறிந்தார். “போன வருஷம் நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப ஒருநாள் வீங்கின காலோட வந்த. ஹீட்டர் போட்டுக்கன்னேன். காத்திட்டிருக்கத் தெம்பில்லன்னுட்டு பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்கின. அதுலேர்ந்து கிளம்பறதுக்கு முன்னால போட்டுட்டு அணைச்சுடுவேன்.”

“ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னா, இன்னும் கொஞ்சம் தூங்குங்கன்னு திட்டுவ.”

டப்பாக்காரம்மா படிவத்தில் ‘குளியல்’ என்று மட்டும் எழுதினாள். சத்தமில்லாமல் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு, “வரேன்க்கா” என்றாள். அது மனைவியின் காதில் விழவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சூட்டுத் தழும்பு ஏறிய அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே பகல் பணி கேட்டு எழுதிக்கொடுத்தாள். தலைமை நர்ஸ் இரண்டு தடவை கையை விரித்தாள், மூன்றாவது தடவை மனமிறங்கினாள். அதற்குள் தெருவுக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வந்துவிட்டிருந்தது.

இப்போது இருவரும் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார்கள். முதல் வாரமே, குளியலறைக்குள் முதலில் யார் போவது என்று பெரிய சண்டை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஆற அமரப் போட்ட முதல் சண்டை அதுதான். அதுவரை அவர்களுக்கு அதற்கு நேரம் கிடைத்ததில்லை.