ஆறேகால் அடிப் பெட்டி

எம் மக மரப்பெட்டி செய்றவ. துணிப்பெட்டி, நகைப்பெட்டி, மூடியில பூ செதுக்குன பெட்டின்னு அவ கைவேலை அப்படி ஒரு சுத்தம். ஆனா வாங்க ஆள் வரணும்ல? இந்த மாசமும் ஆர்டர் வரலன்னா பட்டறைய காலி பண்ணிடறேன்னு சொல்லிட்டா. என் முகத்தப் பாக்காமத்தான் சொன்னா.

மாப்பிள்ளைக்கு மனசு கேக்கல. பட்டறையோட வெப்சைட்ட தொறந்து பாத்துட்டு தலையில அடிச்சிக்கிட்டாரு.

"அத்த, 'கலைநயமிக்க மரப்பேழைகள்'னு எழுதி வச்சிருக்கா உங்க மக. பேழைன்னு எவன் தேடுவான்? ஜனங்க வாயில என்ன வருதோ அதத்தான் போடணும். அதுக்குப் பேருதான் கீவேர்டு."

"சரிதான் மாப்ள. பேழைன்னா ஏதோ வியாதின்னுல்ல நான் நெனச்சேன்!"

ஜனங்க எப்படியெல்லாம் தேடுறாங்கன்னு அலசிப் பாத்தாரு. 'ஆறடி மரப்பெட்டி', 'உடனே கிடைக்கும் மரப்பெட்டி'. நெறைய பேரு தேடுறாங்க, போட்டியே இல்ல, அள்ளிரலாம்னு ரெண்டையும் தலைப்புலயே போட்டாரு. ஆறடியில துணிப்பெட்டி எவனுக்குன்னு எங்க மூணு பேருல ஒருத்தருக்காவது தோணணுமே!

மறுநா காலைல போன் அடிச்சுது. மக பலகை அறுத்துக்கிட்டிருந்தா, நான் எடுத்தேன்.

"மரப்பெட்டி வேணும்மா. ஆறேகால் அடி. இன்னிக்கே."

"செஞ்சிரலாம் தம்பி. பூ வேலை போடவா?"

"வேணாம்மா. அப்பாவுக்கு."

"அப்ப அவரையே ஒரு நடை கூட்டிட்டு வாங்களேன். அவருக்கும் புடிக்கணும்ல?"

அவரு மெதுவா, "அப்பா விடியக்காலைல தவறிட்டாரும்மா"ன்னாரு.

போன் நழுவி மரத்தூள்ல விழுந்துச்சு. விஷயத்தச் சொன்னதும் மாப்பிள்ளை மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"எத்தன பேரு தேடுறாங்கன்னு பாத்தேன். எதுக்குத் தேடுறாங்கன்னு பாக்கலியே!"

"நல்லா பாத்தீங்க! பொழைக்க வழி கேட்டா, போய்ச் சேர வழி காட்டியிருக்கீங்க. மொதல்ல அத அழிங்க"ன்னு கத்திக்கிட்டே மக போன எடுத்தா.

போன் பண்ணவரு இன்னும் லைன்லதான் இருந்தாரு. "நாங்க துணிப்பெட்டி செய்றவங்க"ன்னு இவ ஆரம்பிச்சா.

"எங்கயும் அப்பா உயரத்துக்குப் பெட்டி இல்லீங்க. கால மடக்கி வைக்கலாம்னு சொல்றாங்க..."

மக பென்சில எடுத்தா. அப்புறம், "தோள் அகலம் எவ்வளவுங்க?"ன்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. புருஷன்கிட்ட திரும்பி, "அந்த நீளப் பலகைங்கள எறக்குங்க"ன்னா.

சாயங்காலம் பெட்டி போனதும் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாரு. "அந்த வார்த்தைய எடுத்துரவா?"

"துணிப்பெட்டிய மேல போடுங்க. அது கீழ இருக்கட்டும்"னா மக. "சும்மா ஆறடின்னு போடாதீங்க. 'எந்த உயரத்துக்கும் சவப்பெட்டி'ன்னு நேராவே எழுதுங்க. அழுதுக்கிட்டு தேடுறவங்க தடுமாறக் கூடாது."

அவ அடுத்த பலகைக்கு அளவு போட ஆரம்பிச்சிட்டா.