குறையுடன் பெறப்பட்டது

1

இந்தக் கதை என் காதில் விழுந்தது. விழுந்தது என்பது மரியாதைக்கு. மாடிப்படியில் நின்று கேட்டேன். கீழ்வீட்டு முட்டைக்காரி தன் அக்காவிடம் பேசும் சத்தத்துக்குப் போனே தேவையில்லை.

2

தொடக்கம்: ‘புதிய சூரிய மின்சாரச் சட்டம் அமலுக்கு வரும் முந்தைய நாள், கலங்கிய கண்களோடு ஒரு பெண்...’

வேண்டாம். கண் கலங்கவில்லை. கையில் விண்ணப்பம் இருந்தது, அவ்வளவுதான்.

குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் மூன்றை வைத்துப் பிழைப்பவள். போன மாதம் கரண்ட் போய் ஓர் ஈடு முட்டை முழுக்க வீணானது. இன்னொன்று போனால் தொழிலையே மூட வேண்டியதுதான். மொட்டைமாடியில் சோலார் தகடு வைத்தால் தப்பலாம். பழைய சட்டத்தில் அவள் விண்ணப்பம் மட்டும் போதும். புதியதில் மாடிவீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ, துணி காயப்போட இடம் போய்விடும் என்று மறுத்துவிட்டார்.

(இந்த மாடிவீட்டுக்காரர் பாத்திரம் நம்பும்படி இல்லை. ஒரு கொடிக்கயிற்றுக்காகவா ஒரு மனிதர்... பிறகு பார்ப்போம்.)

3

மின்வாரிய அலுவலகம் மூடப் பத்து நிமிடம். ஆய்வாளர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் இவள் போட்டிருந்தாள். கவுன்டர் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

“இதைத் திருப்பிக் குடுத்தா நாளைக்குப் புதுச் சட்டத்துல மாட்டிக்குவீங்கம்மா. இருங்க.”

‘குறையுடன் பெறப்பட்டது’ என்று எழுதி, அன்றைய தேதி முத்திரையைக் குத்தினாள். புதுச் சட்டத்தின் இடைக்கால ஏற்பாட்டின்படி, அதற்கு முன் பெறப்பட்ட விண்ணப்பத்தைப் பழைய சட்டப்படியே திருத்த முப்பது நாள் உண்டாம். அந்த வரியைச் சேர்த்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

4

முடிவு ஒன்று: தகடு ஏறியது. புது ஈட்டுக் குஞ்சுகளில் ஆறை அட்டைப்பெட்டியில் போட்டு, நன்றி சொல்லக் கொண்டுபோனாள். வாங்கினால் தன் வேலை போய்விடும் என்று கவுன்டர் பெண் சிரித்தாளாம். ஆறும் திரும்பி வந்தன. இங்கேயே முடித்திருக்கலாம், ஆனால்

5

கரண்ட் போய்விட்டது. பேட்டரி செத்த என் மடிக்கணினி ‘ஆனால்’ என்ற சொல்லோடு கண்ணை மூடியது. கீழே மட்டும் மின்விசிறி ஓடும் சத்தம்.

‘அவர்’ என்று எழுதியது போதும், மாடிவீட்டுக்காரர் நான்தான். மடிக்கணினியைத் தூக்கி, வயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கி அவள் கதவைத் தட்டினேன்.

அவள் வயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“தினம் படியிலயே நிக்கிறீங்களே, கால் வலிக்கலையா? உள்ள வாங்கண்ணா. பாத்துக் கால் வைங்க, குஞ்சு ஓடுது.”

இதை அவள் வீட்டு மின்சாரத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன். நன்றி சொல்ல மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அழித்துவிட்டேன். ‘தங்கள் பெருந்தன்மைக்கு’... சீ. குஞ்சொன்று என் பாதத்தின் மேல் ஏறி நிற்கிறது. பக்கத்து அறையிலிருந்து அவள் வருகிறாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம்.