கட்டைக்கு அடியில் கொட்டலசு

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரிடம் கிடைத்தது. வாயைத் திறந்துவைத்திருந்ததால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

"ஈரத்துல பசை பிடிக்காதும்மா. கொட்டலசு மட்டும் பிடிச்சிடும். கப்பல் அடியில வெள்ளையா, கூடு கூடா ஒட்டிட்டிருக்குமே, அது. குஞ்சுல நடந்து நடந்து இடம் பாக்கும். இடம் பிடிச்சுதுன்னா எண்ணெய் மாதிரி ஒண்ண விட்டுத் தண்ணிய விலக்கும். அப்புறம் பசை. தலையைத்தான் ஒட்டிக்கும். அதோட ஆயுசுக்கும் நகராது."

"பிடிக்கலேன்னா?" என்று கேட்டேன். "ஆ" என்றுதான் வந்தது. அவருக்குப் பழக்கம்.

"அந்தப் பருவத்துல அது சாப்பிடாது. உடம்புல இருக்கற கொழுப்பு தீர்றதுக்குள்ள முடிவு பண்ணியாகணும்."

2

முதல் தொடக்கம்: 'கடல் அமைதியாக இரு...'

அடித்துவிட்டேன். கடல் யாருக்கும் பதில் சொல்லாது. எனக்குப் பேச்சு கேட்டால்தான் கதை ஓடும்.

இரண்டாவது: கப்பல் பழுதுபார்க்கும் துறையில் தண்ணீரை இறைத்துவிட்டு, ஒரு கப்பலைக் கட்டைகள்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் ஒரு பெண் கொட்டலசு சுரண்டுகிறாள். ஐம்பத்திரண்டு வயது. கணவன் இல்லை. [எப்படி இறந்தான் என்று அரைப் பக்கம் எழுதினேன். அவனால் கதைக்கு ஒரு உபகாரமும் இல்லை.] இன்று கடைசி நாள், நாளை மகள் வீட்டோடு போய்விடுவாள். நாலு மணிக்குத் துறையில் தண்ணீர் விடுவார்கள்.

கட்டை வைப்பது மேஸ்திரியின் வேலை. கட்டை தாங்கும் இடத்தில் கொட்டலசை ஒட்டவிடாத பெயின்ட் அடிக்க முடியாது; கடலுக்குப் போனதும் அங்கே குடியேறிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் கட்டையை இடம் மாற்றி வைக்க வேண்டும்.

3

"மேஸ்திரி, இங்க வாங்க. சதுரம் சதுரமா வளர்ந்திருக்கே, போன தடவை கட்டை இருந்த இடம்தானே?"

"ஆமா."

"அதுக்கு முந்தின தடவையும் இதே இடம்."

"மறந்திருப்பேன்."

"ரெண்டு தடவையுமா?"

"கொட்டலசு ஏறினா கப்பல் மெதுவாப் போகும். சீக்கிரமே திருப்பி அனுப்புவாங்க. சுரண்ட ஆள் கூப்பிடுவாங்க."

"அதுக்கு?"

"ஆள்னா நீங்கதானே."

சுரண்டும் சத்தம் நின்றது.

"இந்தத் தடவை மட்டும் மாத்தி வச்சிருக்கீங்க?"

"நீங்கதான் போறீங்களே."

"இதுக்காக ஒரு கப்பலையா கெடுப்பாங்க? வாய் எதுக்கு இருக்கு?"

"இப்ப சொல்லிட்டேன்ல."

"இப்பவும் கப்பலைப் பத்திதான் சொன்னீங்க."

(அடிக்குறிப்பு: இந்த மேஸ்திரியை நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது.)

4

முடிவு அ: அவள் போய்விடுகிறாள். கப்பல் வேகமாக ஓடுகிறது. கப்பல் முதலாளிக்கு மட்டும் சந்தோஷம்.

முடிவு ஆ: அவள் இருந்துவிடுகிறாள். மகள் போனில், "இந்த வயசுலயாம்மா?" என்கிறாள். "இந்த வயசுலதான்டி. கொழுப்பு தீர்றதுக்குள்ள." [இது பல் டாக்டரின் வசனம். இவளுக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட வேண்டும். மனம் வரவில்லை.]

5

நாலு மணி ஆகப்போகிறது. மற்றவர்கள் ஏணியில் மேலே ஏறிவிட்டார்கள். அவள் கடைசிச் சதுரத்தில் இருக்கிறாள்.

"ஏறுங்க, தண்ணி விடப்போறாங்க."

"இது ஒண்ணு வரமாட்டேங்குது."

"விடுங்க. வராது."

"வராட்டி?"

"வராட்டி இருக்கட்டும். நான் இருக்கச் சொல்றேன்."

அவள் திரும்பி ஏதோ சொன்னாள். அதே நேரம் மதகைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மேஸ்திரிக்குக் கேட்டிருக்கிறது. சுரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். போகிறவளுக்கும் அதைச் செய்வார்கள், இருக்கிறவளுக்கும் செய்வார்கள்.

நீங்கள் அந்தப் பக்கம் நின்றிருந்தால், என்ன சொன்னாள் என்று எனக்கும் சொல்லுங்கள். புதன்கிழமை பல் டாக்டர் கேட்பார். தெரியாது என்று சொல்லவும் என்னால் முடியாது, வாய் திறந்திருக்கும்.