அத்தையின் டூட்டி

ராணுவ நர்ஸாகப் போருக்குப் போய்த் திரும்பிய அத்தையால், அறைக்குள் நுழைந்த பிறகு வெளியே வர முடியவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. வாசலைத் தாண்டிக் கால் வைத்தால், அந்தக் கால் அறைக்குள்ளேயே வந்து விழும். தச்சன் நிலையை மாற்றினான், கொத்தனார் சுவரை இடித்து இன்னொரு வழி விட்டார். அதுவும் உள்ளேதான் போனது. கூலியில் மட்டும் இருவரும் ஒரு காசு குறைக்கவில்லை. அத்தையின் ஆசையெல்லாம் தெருமுனைவரை காலாற நடந்துவிட்டு வருவதுதான்.

அந்த அறையிலேயே அத்தை கையில் வளர்ந்த தம்பி மகள் தையல்காரி. அத்தையை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று, தைக்க வந்த துணிகளைப் போட்டது போட்டபடி விட்டு, ராணுவ அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தாள். ஒவ்வொரு மேஜையும் அடுத்த மேஜையைக் கைகாட்டியது. கடைசியில் ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"அடுத்த நர்ஸ் வந்து கட்டில் கட்டிலா கேட்டு ஏத்துக்கிட்டாத்தான் முதல் நர்ஸ் வார்டை விட்டுப் போகலாம்மா. அன்னைக்கு முகாமையே காலி பண்ற அவசரம். உங்க அத்தையை நான்தான் இழுத்து வண்டியில ஏத்தினேன். மாத்திவிட யாரும் வரல."

"அப்ப காயம்பட்டவங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பி மகள் வந்து இதைச் சொன்னதும் அத்தை வாய்விட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, "வா, ஒவ்வொருத்தரா சொல்றேன்," என்று வெறும் சுவரோரமாக நடந்தாள். "இவனுக்கு வயித்துல காயம். தண்ணி கேப்பான், உதட்டை மட்டும் நனைச்சுவிடு. இவனுக்குக் கண்ணு போயிடுச்சு. தொடறதுக்கு முன்னாடி பேசிடணும்."

மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்க்கட்டும் என்று தம்பி மகள் எல்லாவற்றுக்கும், "சரி அத்தை," என்று தலையாட்டினாள். அளவு சொல்பவர்களுக்கெல்லாம் ஆட்டிப் பழகிய தலை. சுவர் முடிந்த இடத்தில் அத்தை, தன் மார்பில் குத்தியிருந்த நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றி அவள் ஜாக்கெட்டில் குத்தினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். கால் வெளியே விழுந்தது.

சந்தோஷம் தாங்காமல் தம்பி மகளும் பின்னாலேயே ஓடினாள். அவள் கால் உள்ளே விழுந்தது.

"அத்தை!"

திரும்பிப் பார்த்த அத்தையின் முகம் வெளிறியது. "முனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்டி," என்றாள்.

தம்பி மகள் நிலையை உதைத்தாள், அலறினாள், அத்தையைத் திட்டித் தீர்த்தாள். தொண்டை கட்டிப்போனபோது சுவரோரமிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

பிறகு தையல் மெஷினும் அறைக்குள் வந்தது. தைக்கக் கொடுப்பவர்கள் அளவு ஜாக்கெட்டை வாசலில் நின்று நீட்டிவிட்டுப் போகிறார்கள். அத்தை தினமும் நடந்துவிட்டு வந்து, வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறாள். உள்ளே வரச் சொன்னால் மட்டும் காதில் விழாததுபோல் இருந்துவிடுவாள். தம்பி மகளும் இப்போது கூப்பிடுவதில்லை. கையில் வேலை இருக்கிறது. கண் தெரியாதவனைத் தொடுமுன் மறக்காமல் பேசிவிடுகிறாள்.